வாசகர் கேள்வி–பதில்: சுரங்க மெட்ரோவுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் திறப்பை நெருங்க நெருங்க, வாசகர்களின் கேள்விகளும் 'எப்போது?' என்பதிலிருந்து 'உள்ளே எப்படி இருக்கும்?' என்பதற்கு வந்துவிட்டன. இந்த இதழில் நிலையங்களின் விளக்கு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் இருக்கும் சுரங்க நிலையத்தின் வாசலில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. பூந்தமல்லி பக்கம் ரயில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்கிறார்கள். எங்களுக்கும் திறப்பு விழா நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– கோடம்பாக்கம் வாசகர்

பதில்: இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். பூந்தமல்லி பக்கம் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் தொடங்கியது தூண் மேல் செல்லும் பாதையில். கோடம்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை பாதை பூமிக்கு அடியில் போகிறது. காற்றோட்டம், புகை வெளியேற்றம், தீத்தடுப்பு என்று மேம்பாலப் பாதைக்கு இல்லாத சோதனைகள் அங்கே வரிசையில் நிற்கும்.

எரிகிற விளக்கு எது என்று பாருங்கள். ஒயர் வெளியே தொங்க, கம்பியில் கோத்த பல்புகளும் ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளட் லைட்டுகளும் ஒப்பந்ததாரரின் தற்காலிக இணைப்பில் எரிபவை. திறப்புக்கு இரண்டு, மூன்று வருஷம் முன்பே அவை எரியும். ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாகப் பதித்த விளக்குகள் எரிந்தால் கதை வேறு. நிலையத்தின் சொந்தத் துணை மின்நிலையம் உயிர்பெற்றிருக்கிறது, 33 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரம் 415 வோல்ட்டாக இறங்கி மின்பகிர்வுப் பலகைகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு மாதத்தில் கதவு திறந்துவிடாது. லிஃப்ட், எஸ்கலேட்டர்களுக்கு உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, ரயில்வேயின் ஆராய்ச்சி, தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் ரயில் ஓட்டச் சோதனைகள், கடைசியாக மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு. ஆணையர் கையெழுத்து போடாமல் பயணி ஒருவர்கூட ஏற முடியாது. லண்டனின் எலிசபெத் தடம் 2018 டிசம்பரில் திறப்பதாக அறிவிக்கப்பட்டு, 2022 மே 24-ல்தான் திறந்தது. சுரங்கம் தோண்டி முடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நிலையங்களுக்குள் ஒயரிங், கருவிகள், சிக்னல் மென்பொருள் இவற்றை ஒன்றோடொன்று பேசவைப்பதில்தான் காலம் போனது.

தெருவில் நின்றபடியே பார்க்கக்கூடிய நம்பகமான அறிகுறி ஒன்று உண்டு. ஓர் இரவில் நிலையத்தின் விளக்குகள் எல்லாம் சட்டென்று அணையும். அடுத்த நொடியே அங்கொன்று இங்கொன்றாகச் சில மட்டும் எரியும். சில நொடிகளில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும், இன்னும் கொஞ்சம் விளக்குகள் வரும். இது இருட்டடிப்புச் சோதனை. இதை ஒப்பந்ததாரர் தன் திருப்திக்காக ஒரு தடவை, மெட்ரோ பொறியாளர்கள் முன்னிலையில் ஒரு தடவை, ஆய்வுக்கு ஒரு தடவை என்று செய்வார்கள். வாரத்துக்கு ஒன்றாக இது நடக்கத் தொடங்கினால் விழாப் பந்தல் அதிக தூரத்தில் இல்லை.

கேள்வி: பாதுகாப்புக்காகப் புதிய நிலையங்களில் இப்போதிருப்பதைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் வைத்தால் என்ன?
– திருவல்லிக்கேணி வாசகி

பதில்: மின் கட்டணம் இரண்டு மடங்காகும், பாதுகாப்பு ஆகாது. கணக்கைப் போட்டே காட்டிவிடலாம்.

100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள ஒரு நடைமேடையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 400 சதுர மீட்டர். கூட்டம் அதிகமுள்ள மூடிய நடைமேடைக்குத் தரையில் சராசரி 200 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒப்புக்கொண்ட அளவு. ஆகத் தரையில் விழ வேண்டியது 80,000 லூமன் (லூமன் என்பது ஒளியின் மொத்த அளவு; சதுர மீட்டருக்கு ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ்). விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி முழுவதும் தரைக்கு வராது. நேரடியாகக் கீழ்நோக்கி எரியும் விளக்கில் பாதிதான் வரும் (பயன்பாட்டுக் காரணி 0.5). விளக்கு மங்குவது, தூசி படிவது இவற்றுக்காக இன்னொரு கழிவு (பராமரிப்புக் காரணி 0.7). 80,000-ஐ 0.35-ஆல் வகுத்தால் சுமார் 2,28,600 லூமன். 40 வாட், 4,800 லூமன் கொடுக்கும் நீள எல்.இ.டி. என்றால் 48 விளக்குகள். இரண்டு வரிசை, வரிசைக்கு 24, ஏறக்குறைய நாலே கால் மீட்டருக்கு ஒன்று. மொத்தச் சுமை 1.92 கிலோவாட்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 0.7 என்ற கழிவு பல வருஷம் கழித்து வரப்போகும் மங்கலுக்காகப் போட்டது. புது விளக்கு, துடைத்த கண்ணாடி, வெள்ளைச் சுவர் என்று இருக்கும் திறப்பு விழா நாளில் அதே 48 விளக்குகள் 200-ஐ 0.7-ஆல் வகுத்த அளவு, அதாவது 286 லக்ஸ் கொடுக்கும். 'புது நிலையம் எப்படி ஜொலிக்கிறது பார்' என்று சொல்லவைப்பது பெரும்பாலும் இந்த உபரிதான். விவரமான இடங்களில் முதல் நாளிலேயே விளக்குகளை 70 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டி, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மின்சாரமும் மிச்சம், விளக்கின் சூடு குறைவதால் ஆயுளும் கூடும்.

பாதுகாப்புக்கு வருவோம். ஓர் இடம் வெளிச்சமா இருட்டா என்று நம் கண் முடிவுசெய்வது தரையை வைத்து அல்ல. எதிரே தெரியும் சுவரையும் வருகிறவரின் முகத்தையும் வைத்துத்தான். தரையில் 300 லக்ஸ் கொட்டிவிட்டுச் சுவரைக் கருங்கல்லாக விட்டால் அந்த இடம் இருட்டாகத்தான் தோன்றும். நேர்மேலே இருந்து மட்டும் ஒளி விழுந்தால் புருவத்தின் நிழல் கண் குழியை மூடிவிடும். கேமராவில் முகம் தெரியாது. அதனால்தான் இப்போது தரை அளவோடு, நிற்பவரின் முகம் இருக்கும் 1.6 மீட்டர் உயரத்தில் நாலா பக்கமிருந்தும் வரும் ஒளி குறைந்தது 50 லக்ஸ் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். தரைக்கான 48 விளக்குகளில் எட்டைச் சுவருக்குத் திருப்பினாலே இதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

சுவருக்கு விளக்கு வைப்பதில் ஓர் அளவு முக்கியம். 3 மீட்டர் சுவர் என்றால் விளக்கு சுவரிலிருந்து 75 செ.மீ. முதல் 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அழகுக்காக 10 செ.மீ. ஓரத்தில் ஒட்டிவைத்தால் ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கும். டைல்ஸ் ஒட்டியதில் ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலும் அத்தனைக்கும் நிழல் விழுந்து, சுவரே கோணலாக ஒட்டியதுபோலத் தெரியும். திறப்புக்கு ஒரு மாதம் முன்னால் டைல்ஸைப் பெயர்ப்பார்கள், விளக்கை நகர்த்த மாட்டார்கள்!

கூரைக்கு அடித்துத் திருப்பும் மறைமுக வெளிச்சம் கண்ணுக்கு இதம். ஆனால் விலை உண்டு. பயன்பாட்டுக் காரணி 0.3-க்கு இறங்கும். அதே நடைமேடைக்கு 80 விளக்குகள், 3.2 கிலோவாட். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் எரிந்தால் நேரடி விளக்கைவிட வருஷத்துக்குச் சுமார் 8,400 யூனிட் அதிகம், ஒரு நடைமேடைக்கு மட்டும். கூரையும் சுத்தமாக இருக்க வேண்டும். வாஷிங்டன் மெட்ரோ 1976-ல் இந்த முறையில்தான் தொடங்கியது: தண்டவாள ஓரத்துத் தொட்டிகளிலிருந்து கான்கிரீட் வளைவுக்கு ஒளி. புகைப்படத்தில் கோயில் மண்டபம் மாதிரி இருக்கும். கான்கிரீட் அழுக்கேறக் கருத்தது. தொட்டிகளில் தூசி நிறைந்தது. தண்டவாள ஓரம் என்பதால் ரயில் ஓடும் நேரத்தில் பல்பு மாற்றவும் முடியாது. பயணிகள் பல வருஷம் 'இருட்டு' என்று முறையிட்டார்கள். 2017-ல் யூனியன் ஸ்டேஷன் வளைவுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தபோது கட்டடக்கலைஞர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் கட்சி: மறைமுக ஒளியை மேல்தளக் கூடத்துக்கு வையுங்கள், அங்கே ஏணி போட்டுத் துடைக்கலாம். நடைமேடைக்கு நேரடி விளக்கும் சுவர் விளக்கும் கலந்து போதும்.

கேள்வி: மஞ்சள் வெளிச்சமா, வெள்ளையா? வீட்டில் எங்களுக்குள் இதே சண்டைதான்.
– ஆழ்வார்பேட்டை வாசகி

பதில்: வீட்டுச் சண்டைக்கு நாங்கள் வரவில்லை. நிலையத்துக்கு 4,000 கெல்வின், அதாவது பளீர் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே இருப்பது, பாதுகாப்பான தேர்வு. 6,500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை நம் ஊரில் 'குளுமை'யாக இருப்பதாகப் பலருக்கு ஓர் எண்ணம். ஆனால் பூமிக்கடியில், வெயில் துளியும் இல்லாத இடத்தில், ஆஸ்பத்திரி வராந்தா நினைவுதான் வரும். எலிசபெத் தடத்தில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள்: ஜனங்கள் வேகமாக நடக்கும் எஸ்கலேட்டர், கூடம் பகுதிகளில் குளிர்ந்த வெள்ளை, நின்று காத்திருக்கும் நடைமேடையில் சற்று வெதுவெதுப்பான நிறம். இங்கேயும் 4,000-ஐப் பொதுவாக வைத்து, உட்காரும் பகுதிக்கு 3,000 அல்லது 3,500 கொடுக்கலாம். ஒரே பார்வையில் படும் வரிசைக்குள் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். வடிவமைப்பு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், தவறான பல்பு மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

மஞ்சள் பக்கம் ரொம்பப் போவதில் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று. படிக்கட்டு ஓரத்திலும் வெளியேறும் வழியிலும் ஒட்டும் 'இருட்டில் ஒளிரும்' பட்டைகள், விளக்கொளியில் உள்ள நீலப் பகுதியைக் குடித்துத்தான் சார்ஜ் ஆகும். 2,700 கெல்வின் விளக்கில் நீலம் குறைவு. விளக்கு அணைந்ததும் பட்டை வேகமாக மங்கிவிடும். பட்டை இருக்கும் இடத்தில் 4,000-க்குக் கீழே போக வேண்டாம் என்பது எங்கள் யோசனை. கட்டாயம் போக வேண்டுமென்றால் அந்த விளக்கிலேயே பட்டையின் மாதிரித் துண்டைச் சார்ஜ் செய்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது கெல்வினோடு நிற்கக் கூடாது. பெட்டியில் 'சி.ஆர்.ஐ. 80' என்று போட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் சராசரி மதிப்பெண் அது. அந்தச் சராசரியில் அடர் சிவப்பு சேராது. அது ஆர்9 என்ற தனி எண். மலிவு விளக்குகளில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். குங்குமமும் அரக்குப் புடவையும் காபிப்பொடி நிறத்தில் தெரிவது அதனால்தான். டெண்டரில் 'ஆர்9 பூஜ்யத்துக்கு மேல்' என்று ஒரு வரி சேர்ப்பதால் பெரிய செலவு ஒன்றும் கூடாது.

உதிரி விளக்குகளை முதல் கொள்முதலோடு சேர்த்தே, அதே பேட்ச்சில், நூற்றுக்கு ஐந்து வீதம் வாங்கி வைத்துவிட வேண்டும். மூன்று வருஷம் கழித்து அதே மாடல் எண்ணில் வாங்கினாலும் லேசான ரோஸ் அல்லது பச்சைச் சாயலோடு வந்து வரிசையில் தனித்து நிற்கும்.

கேள்வி: சுரங்க நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக் கதவைப் பார்த்தால் என் முகமும் பின்னாலுள்ள விளம்பரமும்தான் தெரிகிறது. ரயில் வந்ததே கதவு திறந்த பிறகுதான் தெரிகிறது. இதைச் சரிசெய்ய முடியாதா?
– நந்தனம் வாசகர்

பதில்: முடியும். கண்ணாடியின் இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டுச் சுரங்கம் என்றால் கண்ணாடி நிலைக்கண்ணாடி ஆகிவிடும். சுரங்கத்துக்குள் வெளிச்சம் போட்டால் தீரும் என்று தோன்றும். ஆனால் அங்கே தெரியப்போவது ஒயர்களும் அழுக்குச் சுவரும்தான். சரியான வழி, பிரதிபலிக்கும் பொருளைக் குறைப்பது. முதல் குற்றவாளி எதிர்ச் சுவரில் பின்னொளியோடு எரியும் விளம்பரப் பலகை. அதன் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தாலும் விளம்பரம் படிக்கும்படியாகவே இருக்கும். இரண்டாவது, கதவுக்கு மேலுள்ள பெட்டியின் அடியில் ஒரு நீள விளக்கு, கண்ணாடியைத் தொடாமல் தரையை மட்டும் நனைக்கும் கோணத்தில். ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள இடைவெளி தெரிவதற்கும் அதுவே உதவும். கண் மட்டத்தில் கண்ணாடியில் புள்ளிப் பட்டை அச்சிடுவது மூன்றாவது. பார்வை குறைந்தவர் கண்ணாடியில் மோதாமலிருக்க அது எப்படியும் தேவை.

பளபளவென்று பாலிஷ் செய்த கிரானைட் தரைக்கும் இதே நோய். எஸ்கலேட்டர் இறங்கும் இடத்தில் மேலே உள்ள விளக்கு வரிசை அப்படியே தரையில் விழுந்து, தண்ணீர் கொட்டிக் கிடக்கிறதோ என்று வயதானவர்கள் தயங்குவார்கள். எஸ்கலேட்டர் முகப்பில் 3 மீட்டருக்காவது சொரசொரப்பான ஃப்ளேம்ட் ஃபினிஷ் கல் போடுவது நல்லது. மழைக்காலத்தில் வழுக்காது என்பது கூடுதல் லாபம்.

கேள்வி: அப்பாவுக்குக் கண்புரை. பிளாட்ஃபாரத்துக்கு இறங்கும்போது வாசல் படியிலேயே நின்றுவிடுகிறார். என்ன செய்யலாம்?
– மந்தைவெளி வாசகி

பதில்: சித்திரை வெயிலில் தெருவில் ஒரு லட்சம் லக்ஸ்வரை இருக்கும், நாலு படி இறங்கினால் 200. இளைஞரின் கண்ணே தடுமாறும். கண்புரை இருப்பவருக்கு ஒளி சிதறி எதிரே வெள்ளைப் படலமாகத் தெரியும், பழகவும் நேரம் ஆகும். அதனால் வாசல் பகுதியின் முதல் 10–15 மீட்டரில் பகலில் 500 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கூட்டி, மாலையில் குறைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ராத்திரியில் வாசலைப் பளீரென்று வைத்துவிட்டு, பகலில் 'வெயில்தான் அடிக்கிறதே' என்று அணைத்துவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு: வாசலில் ஓரமாகக் கைப்பிடியைப் பிடித்தபடி ஓரிரு நிமிஷம் நிற்கட்டும், அவசரமில்லை. வெளியே விளிம்புள்ள தொப்பி அல்லது குடை, உள்ளே வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். முடிந்தவரை லிஃப்ட். படியில்தான் இறங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு படியின் நுனியிலும் சுமார் 50 மி.மீ. அகலத்துக்கு மாறுபட்ட நிறப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். அது சின்ன வேலை, திறப்புக்கு முன்பு ஒரே இரவில் ஒட்டிவிடலாம்.

கேள்வி: மின்சாரம் போனால் பூமிக்கடியில் இருட்டில் மாட்டிக்கொள்வோமா?
– பனகல் பார்க் வாசகர்

பதில்: மாட்டோம். நிலையத்துக்கு இரண்டு வழியாக மின்சாரம் வரும். ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். இரண்டும் போனால் பேட்டரியில் ஓடும் அவசர விளக்குகள் உடனே எரியும், பின்னால் ஜெனரேட்டர் வரும். ஐரோப்பிய அளவுப்படி வெளியேறும் வழியின் நடுக்கோட்டில் குறைந்தது 1 லக்ஸ் வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். பௌர்ணமி நிலவைப் போல நாலைந்து மடங்கு, நடக்கத் தாராளம். அமெரிக்கத் தரநிலைகள் இன்னும் கண்டிப்பானவை: வழியில் சராசரி 10.8 லக்ஸ், பேட்டரி 90 நிமிஷம் தாங்க வேண்டும், சுரங்கத்துக்குள் நடைபாதையில் 2.7 லக்ஸ்.

எங்கே கோளாறு வரும்? பெரும்பாலும் விளக்கில் அல்ல. அவசர விளக்கின் சர்க்யூட்டில் யாரோ விளம்பரப் பலகையையோ மின்விசிறியையோ இணைத்துவிடுவார்கள்; 90 நிமிஷப் பேட்டரி 40 நிமிஷத்தில் படுத்துவிடும். இருட்டடிப்புச் சோதனையை ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கைதட்டிவிட்டுப் போனால் இது வெளியே வராது. முழு 90 நிமிஷமும் ஓடவிட்டு, கடைசி நிமிஷத்தில் லக்ஸ் அளக்க வேண்டும். சுரங்கப் பாதையில் ஒன்றுவிட்டு ஒன்று வேறு வேறு சர்க்யூட்டில் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். ஒரு கேபிள் வெந்துபோனாலும் மிச்சப் பாதி எரியும்.

கேள்வி: நிலையத்துக்குள் சின்னதாக ஒரு கடை எடுக்க எண்ணம். 3 மீட்டருக்கு 2 மீட்டர். விளக்குக்கு என்ன செய்வது?
– கச்சேரி சாலை வாசகர்

பதில்: 6 சதுர மீட்டர். கடைக்கு 400 லக்ஸ் என்று வைத்தால் 2,400 லூமன். சுற்றிலும் அடைப்பு, தினமும் துடைப்பீர்கள் என்பதால் இரு காரணிகளும் சேர்ந்து 0.4, ஆக 6,000 லூமன். 12 வாட், 1,200 லூமன் விளக்கு ஐந்து. இதற்கு மேல் போடாதீர்கள், பக்கத்திலிருக்கும் 200 லக்ஸ் கூடத்தைவிட இரண்டு மடங்கு இருந்தாலே கடை எடுப்பாகத் தெரியும். ஸ்பாட் லைட்டைச் சரக்கின் மேல் திருப்புங்கள். வழியை நோக்கித் திருப்பினால் எதிரே வருபவர் கண் கூசும், நிலையத்தார் முதல் வாரமே வந்து அணைக்கச் சொல்வார்கள். வெளிப்பலகைக்குப் பச்சை வேண்டாம். வெளியேறும் வழிக் குறியோடு குழம்பும்.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண பி.வி.சி. ஒயர் எரிந்தால் கரும்புகையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும்; மூடிய இடத்தில் தீயைவிட அதுதான் ஆளைச் சாய்க்கும். புகை குறைந்த, ஹாலஜன் இல்லாத ஒயர் என்று கேட்டு வாங்கி, பில்லையும் ஒரு துண்டு ஒயரையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆய்வுக்கு வரும்போது கேட்பார்கள். எலக்ட்ரீஷியனை அழைக்குமுன் கடைக்கு அனுமதித்த சுமை எத்தனை வாட் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். விளக்கு 60 வாட்தான். குளிர்பதனப் பெட்டிதான் சுமையைத் தின்னும்.

கேள்வி: நிலையத்தில் வரிசையாக எரியும் விளக்குகளில் ஒன்று மட்டும் எப்போதும் பளிச்சென்று எரிகிறது. ஏன்?
– பாலிடெக்னிக் மாணவர், தரமணி

பதில்: நல்ல கவனிப்பு. அது மாற்றிய விளக்கு. இப்படிப்பட்ட நிலையங்களில் விளக்குகளைப் பெரும்பாலும் டாலி என்ற முறையில் கட்டுப்படுத்துகிறார்கள். இரண்டு மெல்லிய ஒயர், ஒரு லைனுக்கு அதிகபட்சம் 64 முகவரி, 300 மீட்டர் கேபிள். ஒவ்வொரு விளக்கின் டிரைவர் பெட்டிக்கும் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பது) ஓர் எண் கொடுத்து, குழுவில் சேர்த்து, 'பகல் 70 சதவீதம், நள்ளிரவு 30' என்று எழுதி வைத்திருப்பார்கள். டிரைவர் எரிந்துபோனால் புதியதை மாட்டுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் புதியதற்கு முகவரி கிடையாது, எந்தக் குழுவிலும் இல்லை. குழுவுக்குப் போகும் ஆணை அதற்குக் கேட்காது. மின்சாரம் வந்ததும் 100 சதவீதத்தில் எரியும். மென்பொருள் தெரிந்தவர் வந்து பழைய எண்ணைக் கொடுக்கும்வரை அப்படியேதான்.

டிரைவர் ஏன் எரிகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். எல்.இ.டி. 50,000 மணி நேரம் என்பார்கள். நாளைக்கு 18 மணி என்றால் ஏழரை வருஷம். அதற்கு வெகுமுன்பே சாவது டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கி. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, காற்றோட்டமில்லாத பொந்தில், கேபிள் கட்டுக்குப் பக்கத்தில் செருகிவைத்தால் வேறென்ன ஆகும்? ஏணி போட்டால் கைக்கு எட்டும் இடத்தில், சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு மாட்டுவதே மருந்து. வரைபடத்தில் இதைக் காட்ட மாட்டார்கள். தளத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: கடற்கரைப் பக்க நிலையங்களில் விளக்குக்குத் தனி கவனம் தேவையா?
– சாந்தோம் வாசகர்

பதில்: வாசல் பகுதிக்கும் தெரு விளக்குகளுக்கும் தேவை. உப்புக்காற்றில் சாதாரண ஸ்க்ரூ ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பிய்த்துக்கொள்ளும். 316 ரக எவர்சில்வர் ஸ்க்ரூ போட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை உள்ளே தேங்கும் தண்ணீர். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு அடையாளமாக ஐ.பி.65 என்று முத்திரை இருக்கும், ஆனாலும் கண்ணாடிக்குள் சொட்டு நிற்கும். விளக்கு அணைந்து ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கேஸ்கட் இடுக்கு வழியாக ஈரக்காற்றை இழுக்கும். எரியும்போது ஆவி, அணைந்ததும் நீர். காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த மூச்சுத்துளை உள்ள விளக்கு என்றால் இது நடக்காது. வாங்கும்போது பின்புறத்தில் பட்டன் அளவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் தண்ணீர் புகுகிறது என்று அதன் மேலேயே சிலிக்கான் பூசி அடைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த விளக்கைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: திறந்ததும் நானே போய் செல்போனில் லக்ஸ் அளந்து பார்க்கலாமா?
– போரூர் வாசகர்

பதில்: ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படும். போனின் சென்சார் சாய்வாக வரும் ஒளியைச் சரியாகக் கணக்கில் எடுக்காது. ஒரே இடத்தில் இரண்டு போன் இரண்டு எண் காட்டும். சரியாக அளக்க வேண்டுமென்றால் லக்ஸ் மீட்டர், எரியத் தொடங்கி அரை மணி கழித்து, தரையில் வைத்து, 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாக, உங்கள் நிழல் விழாமல். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள்; மிகக் குறைந்த புள்ளி அந்தச் சராசரிக்கு ரொம்பக் கீழே போகக் கூடாது. மீட்டரை நடைமேடையில் விரிப்பதற்கு முன்பு நிலைய அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.